தொழிற்சாலைக்குப் போகும் முன் செவிலியரைக் கேளுங்கள்

அவையோர்க்கு வணக்கம்.

மாடுலர் மருத்துவமனையில் அறைகள் தொழிற்சாலையிலேயே உருவாகின்றன. சுவர், வயரிங், ஆக்சிஜன் குழாய், கழிப்பறை எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு லாரியில் வந்து, கிரேனில் ஏறி, இடத்தில் அமரும். அங்கே அறை தயாராகும்போதே இங்கே அஸ்திவார வேலையும் நடப்பதால் மாதக்கணக்கில் நேரம் மிச்சம்.

இந்த யோசனை பழையதுதான். கிரிமியப் போரின்போது, 1855-இல், பொறியாளர் புருனெல் வடிவமைத்த மர மருத்துவமனை பிரிட்டனில் பகுதி பகுதியாகத் தயாராகி, கப்பலேறி, துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையோரம் ரென்கியோய் என்ற இடத்தில் எழுந்தது. ஏறத்தாழ ஐம்பது நோயாளிகளுக்கு ஒரு கட்டடம்; ஒவ்வொன்றிலும் தனிக் கழிப்பறை, காற்றோட்ட ஏற்பாடு. கப்பல் கிளம்பிய பிறகு விட்டுப்போனதைச் சேர்க்க வழி ஏது?

நம் நிலையும் அதுதான். வழக்கமான கட்டடத்தில் சுவர் எழும்பும்போதுகூட, 'இந்த ஸ்விட்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்' என்று சொல்லலாம். இங்கே உற்பத்தி தொடங்கும் முன்பே எல்லா முடிவும் உறுதியாகிவிட வேண்டும். ஓர் அறையில் நேர்ந்த பிழை அதே வடிவில் அறுபது அறைகளிலும் வந்து நிற்கும். ஓர் அறையைச் சரியாகச் செய்துவிட்டால் அறுபதும் சரியாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். எனக்கு நம்பிக்கை தருவது இந்த இரண்டாவது பக்கம்தான்.

அதனால் அந்த அறையில் வேலை செய்யும் செவிலியரையும் துப்புரவுப் பணியாளரையும், அங்கே படுக்கும் நோயாளியையும் முன்பே கேட்க வேண்டும். ஆனால் எப்படிக் கேட்கிறோம்? வரைபடத்தை மேசையில் விரித்து 'சரிதானே?' என்றால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். வரைபடம் படிப்பது நம் தொழில், அவர்களுடையது அல்ல. ஒட்டுப்பலகையிலும் அட்டையிலும் முழு அளவில் ஓர் அறையை நிறுத்துங்கள். உண்மையான கட்டிலைப் போடுங்கள். ஒருவரைப் படுக்க வைத்து, டிரிப் ஸ்டாண்டோடு கழிப்பறைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஸ்டாண்டின் சக்கரம் வாசற்படியில் தட்டும். கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே மயங்கி விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். இரவுப் பணிச் செவிலியர் வாசலில் நின்று பார்ப்பார். விளக்கைப் போடாமல் நோயாளியின் முகம் தெரியவில்லை என்பார். துப்புரவுப் பணியாளர் கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டுப் பார்த்து, 'இங்கே கை போகாது' என்பார். அவர் சொல்வது தொற்றுத் தடுப்பைப் பற்றி. அதற்குரிய மதிப்போடு குறித்துக்கொள்ளுங்கள். அட்டைச் சுவரை அன்று மாலையே நகர்த்திவிடலாம்.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு முதலில் மருத்துவர்களைத்தான் அழைக்கிறோம். அந்த அறையில் இரவும் பகலும் கிடப்பவரையும், பக்கத்தில் நாற்காலியில் தூங்கும் உறவினரையும் அழைப்பது அரிது. 1984-இல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மாடுலர் அறைகளை நெருக்கமாக அடுக்கும்போது எதிர்ச்சுவரைப் பார்க்கும் ஜன்னல்கள் எளிதில் அமைந்துவிடும். படுத்துப் பார்த்தவர் அதை உடனே சொல்லிவிடுவார்.

நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வேலைக்கு வரும் செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அதைப் பணி நேரமாகவே கணக்கிடுங்கள். ஷிப்ட் முடிந்து களைத்த பிறகு கூப்பிடாதீர்கள். நோயாளிகளுக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். கட்டடம் திறந்து ஆறு மாதம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வது, அடுத்த தொகுதி அறைகளுக்கான ஆர்டர் கையெழுத்தாகும் முன் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரட்டும்.