ஆள் கிடைக்கவில்லையா, அனுப்பிவிட்டார்களா?

நண்பர்களே, அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் கறுப்பினப் பிள்ளைகள். ஆசிரியர்களிலோ கறுப்பினத்தவர் 6, 7 விழுக்காடுதான். ஏன் என்று கேட்டால், "விண்ணப்பிக்க ஆளே வருவதில்லை" என்பார்கள். ஆனால் ஆள் இருந்த காலம் ஒன்று உண்டு. இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

1954-இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இனம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது. கன்சாஸ் மாநிலத்து டொப்பீகா நகரில் தொடங்கிய வழக்கு. தீர்ப்புக்கு ஓராண்டு முன்பே, 1953 மார்ச்சில், அந்த ஊர்ப் பள்ளிகளின் தலைமை அதிகாரி கறுப்பின ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தால், வெள்ளைக் குழந்தைகளுக்குக் கறுப்பின ஆசிரியர்களை வைக்க ஊரில் பெரும்பாலோர் விரும்பமாட்டார்கள் என்று வைத்துத்தான் பள்ளி வாரியம் முடிவெடுக்கும் என்பது கடிதத்தின் சாரம். தீர்ப்பே வரவில்லை, அதற்குள் வேலைக்கு வேட்டு! மிசௌரி மாநிலத்து மோபர்லி நகரில் கறுப்பின, வெள்ளையினப் பள்ளிகளை இணைத்தபோது கறுப்பின ஆசிரியர்கள் 11 பேருக்கும் வேலை போனது. வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 1954 முதல் 1965 வரை தென் மாநிலங்களிலும் அவற்றின் எல்லை மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாகக் கணக்கு.

இதில் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம்? மூன்றாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடம் படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 விழுக்காடு கூடியிருந்ததை டென்னசி மாநிலத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது.

சரி, இப்போது ஆள் சேர்க்க முயற்சியே இல்லையா? இருக்கிறது. தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2000-இல் தொடங்கிய 'கால் மீ மிஸ்டர்' திட்டம், கறுப்பின இளைஞர்களைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களாக்கப் படிப்புச் செலவுக்கு உதவுகிறது, குழுவாகவே வளர்க்கிறது, வேலை தேடவும் துணை நிற்கிறது. நல்ல திட்டம். அப்புறம்? அப்படி ஆசிரியரானவர் பள்ளிக்குள் போனதும், பல இடங்களில் அவர்தான் அங்கே ஒரே கறுப்பின ஆசிரியர். எந்த வகுப்பில் யார் குறும்பு செய்தாலும், "அவரிடம் அனுப்பு, அவர் பேச்சைக் கேட்பான்" என்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரராக இருந்தாலும், பாடத்திட்டக் குழுவுக்குக் கூப்பிட மட்டும் மறந்துவிடுகிறார்கள். தன் வகுப்பையும் பார்த்து, பள்ளி முழுக்கப் போலீஸ் வேலையும் பார்த்தால் அவர் எத்தனை ஆண்டு தாங்குவார்? ஆள் எடுக்கும் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும் பள்ளி மாவட்டங்கள் (அங்கே அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்), இந்த உபரி வேலைக்குச் சம்பளம் தரட்டும். இல்லையென்றால் அதை மற்ற ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கட்டும்.