பேர்ல் ஹார்பரை வீழ்த்தியது அலட்சியமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பேர்ல் ஹார்பரை வீழ்த்தியது ஜப்பானின் திட்டமா, அமெரிக்காவின் அலட்சியமா?' என்பது தலைப்பு. பேர்ல் ஹார்பர், ஹவாய்த் தீவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் துறைமுகம்; 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. அலட்சியமே என்று பேச வந்திருக்கிறேன்.

ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள் ரேடியோ மௌனம் காத்துக் கடல் கடந்து வந்ததை எதிரணி நண்பர் விவரித்தார். ஆழம் குறைந்த துறைமுகத்தில் சேற்றில் குத்தி நிற்காமல் ஓட, நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோ குண்டுகளுக்கு மரத்துடுப்பு பொருத்தியதையும் சொன்னார். சரி, உண்மைதான். ஆனால் திருடன் கெட்டிக்காரன் என்று நிரூபித்துவிட்டால், காவல்காரன் விழித்திருந்தான் என்று ஆகிவிடுமா? ஆழமில்லாத டாரண்டோ துறைமுகத்தில் இத்தாலியக் கப்பல்களைப் பிரிட்டிஷ் விமானங்கள் டார்பிடோ வீசித் தாக்கியது 1940 நவம்பரில். பாடம் ஓராண்டுக்கு முன்பே கண்ணெதிரே நடந்திருக்கிறதே!

1941 நவம்பர் 27 அன்று, 'இதைப் போர் எச்சரிக்கையாகக் கொள்ளவும்' என்று ஹவாய்க் கடற்படைத் தளபதிக்குச் செய்தி வந்தது. தரைப்படையோ நாசவேலைக்குப் பயந்து, காவல் காக்க வசதியாக விமானங்களை நெருக்கி நிறுத்திவைத்தது. தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் மேல் இருந்த சந்தேகம் வானத்தின் மேல் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு. காலை 6:45 வாக்கில், துறைமுக வாசலருகே வார்டு என்ற போர்க்கப்பல் ஜப்பானின் ஒரு குட்டி நீர்மூழ்கிக் கப்பலைச் சுட்டு மூழ்கடித்துத் தகவலும் அனுப்பியது. மேலிடம் அதை உறுதிசெய்யச் சொல்லிக் காத்திருந்தது.

7:02. தீவின் வடக்கே ஓபானா ரேடார் நிலையம். வேலை நேரம் 7 மணியோடு முடிந்துவிட்டது. சாப்பிட அழைத்துப்போகும் வண்டி வராததால், இரண்டு சிப்பாய்கள் பழகிப் பார்க்கலாமே என்று கருவியை அணைக்காமல் வைத்திருந்தார்கள். திரையில், அதுவரை பார்த்திராத அளவுக்குப் பெரிய விமானக் கூட்டம்! சுமார் 210 கிலோமீட்டர் தூரத்தில். போன் செய்தார்கள். எடுத்த அதிகாரிக்கு அந்த மையத்தில் அது இரண்டாவது நாள்தான். கலிபோர்னியாவிலிருந்து வரவேண்டிய நம் பி-17 குண்டுவீச்சு விமானங்களாக இருக்கும் என்று நினைத்து, 'கவலைப்படாதே' என்றார். அந்த இளைஞரை நான் குறை சொல்லமாட்டேன். பயிற்சி கொடுக்காமல் அவரை அங்கே உட்காரவைத்தவர்களைக் கேட்கிறேன். போன் வந்த பிறகும் ஏறக்குறைய அரை மணி நேரம் இருந்தது, நடுவர் அவர்களே! பீரங்கிக்குப் பக்கத்தில் ஆளும் குண்டும் வந்து சேர அது போதாதா?

மறுநாளே அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. பத்தே நாளில் ஹவாயின் கடற்படைத் தளபதி கிம்மலையும் தரைப்படைத் தளபதி ஷார்ட்டையும் பதவியிலிருந்து நீக்கியது யார்? அமெரிக்க அரசுதான். எங்கள் அணிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த அரசும் தப்ப முடியாது. தாக்குதல் நாளன்று தலைமைத் தளபதி மார்ஷல் வாஷிங்டனிலிருந்து அனுப்பிய கடைசி எச்சரிக்கை, தனியார் நிறுவனம் வழியாகச் சாதாரணத் தந்தியாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிய இளைஞர் வழியிலேயே குண்டுவீச்சில் மாட்டிக்கொண்டார். பிற்பகலில் அது ஷார்ட்டின் கைக்கு வந்தபோது, துறைமுகத்தில் நின்ற அரிசோனா போர்க்கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்திருந்தார்கள்.