வேலைக்கு சைக்கிள்ல போறீங்களா? மெதுவா போங்க

வணக்கம் நண்பர்களே. இன்னிக்கு ஓட்டிக்கிட்டே பேசப் போறதில்ல. வண்டிய ஸ்டாண்ட் போட்டு நிறுத்திட்டேன், கேமராவ எதிர்ல வெச்சுட்டேன், நிதானமா பேசலாம்.

கார வீட்ல விட்டுட்டு சைக்கிள்ல வேலைக்குப் போகணும்னு ஆசையா ஆரம்பிச்சு, கொஞ்ச நாள்லயே விட்டவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கு மனசு இல்லாம இல்ல, உடம்புல தெம்பும் இருந்துச்சு. ஆனா எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஓட்டியிருக்காங்க. குனிஞ்சு, மூச்சு வாங்க, முழு வேகத்துல. ஆபீஸ் போய்ச் சேரும்போது சட்டையப் பிழிஞ்சா தண்ணி வரும். அப்புறம் யாருக்குத்தான் மறுநாள் வண்டிய எடுக்கத் தோணும்?

சைக்கிள்னாலே உடற்பயிற்சின்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. வேலைக்குப் போற சைக்கிள் ஒரு வாகனம், அவ்வளவுதான். நடக்கும்போது நாம பந்தயம் வெச்சுக்கிட்டா நடக்கறோம்? அதே நிதானம்தான் இங்கயும் வேணும். நான் பாத்த வரைக்கும், நீண்ட காலம் சைக்கிள்ல வேலைக்குப் போறவங்க எல்லாரும் மெதுவா போறவங்கதான்.

இது வெறும் மனப்பான்மை சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, இதுக்குப் பின்னால இயற்பியல் இருக்கு. சமதரையில சைக்கிள் ஓட்டும்போது ரெண்டு விஷயம் உங்கள இழுத்துப் பிடிக்குது. ஒண்ணு, டயருக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற தடை. இன்னொண்ணு காத்து. டயர் தடை வேகத்தோட பெருசா மாறாது. காத்து அப்படி இல்ல. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும், அதச் சமாளிக்க நீங்க செலவழிக்கிற சக்தி எட்டு மடங்காகும்.

இத நம்ம பயணத்துல வெச்சுப் பாப்போம். ஆபீஸ் 6 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல போனா 24 நிமிஷம். 20 கிலோமீட்டர் வேகத்துல போனா 18 நிமிஷம். மிச்சம் ஆறே நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்துக்காக உங்க கால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சக்தி குடுக்கணும். நம்ம தசை எரிக்கிற சக்தியில சுமார் கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேருது, மீதி முக்கால் பங்கு சூடாத்தான் மாறுது. அந்தச் சூட்ட வெளியேத்தத்தான் உடம்பு வேர்க்குது. ஆக, வேர்வைப் பிரச்சினைல பாதி இந்த ஆறு நிமிஷத்துலதான் இருக்கு. ஆறு நிமிஷம் முன்னாடி கிளம்புங்க, போதும்.

இன்னொரு விஷயமும் கவனிச்சிருப்பீங்க. ஓட்டும்போது வேர்வை தெரியாது, நிறுத்தின உடனே கொட்டும். எதிர்ல வந்த காத்து வேர்வைய அப்பப்ப காய வெச்சுக்கிட்டே இருந்துச்சு, நின்னதும் அந்தக் காத்தும் நின்னுடுச்சு. ஆனா உடம்புக்குள்ள சூடு இன்னும் இருக்கு. அதனால கடைசி அஞ்சு நிமிஷம் பெடல லேசா, காலுக்கு எடையே இல்லாத மாதிரி சுத்துங்க. போய்ச் சேந்ததும் ஓடிப்போய் சட்டை மாத்தாதீங்க, மாத்துன சட்டையும் நனைஞ்சுடும். பத்து நிமிஷம் நிழல்ல நில்லுங்க, தண்ணி குடிங்க, முகம் கழுவுங்க, உடம்பு ஆறட்டும். அப்புறம் மாத்துங்க. குளிக்கற வசதி இருக்கற ஆபீஸ்தான் வேணும்னு காத்துக்கிட்டு இருக்கவே வேணாம்.

முதுகுல மாட்டற பைய தயவுசெஞ்சு விட்டுடுங்க. முதுகுதான் சூடு வெளியேறப் பெரிய இடம், அத நாமளே மூடி வெச்சுக்கிட்டா எப்படி? பின்னால கேரியர் போட்டு, பைய அதுல பக்கவாட்டுல மாட்டிடுங்க. இதோ பாருங்க, என் வண்டில இப்படித்தான் தொங்குது. எடை கீழ இறங்கினதால வண்டி ஆடவும் ஆடாது, தோளும் வலிக்காது. ஷூ, பெல்ட், சார்ஜர் இதெல்லாம் ஆபீஸ்லயே ஒரு செட் இருந்தா தினமும் சுமக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான்.

என்ன சைக்கிள் வாங்கலாம்னு நிறைய பேர் கேக்கறீங்க. புதுசா வாங்கணும்னே அவசியம் இல்ல, வீட்ல தூசி படிஞ்சு நிக்கறதே போதும். கேரியர், மட்கார்ட், செயின் கவர், முன்னாலயும் பின்னாலயும் லைட்டு. இந்த நாலும் இருக்கற வண்டிதான் வேலைக்குப் போற வண்டி. தளர்வான துணி போடறவங்களுக்கு செயின் கவர் ரொம்ப முக்கியம், துணி செயின்ல மாட்டிக்கிட்டா விழ வேண்டியதுதான்.

ஆனா சீட் உயரம்! தெருவுல போற சைக்கிள்கள்ல பாதிக்கு மேல சீட் தாழ்வாத்தான் இருக்கு, பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேக்காது. கொஞ்சம் கிட்ட வந்து காட்றேன். சுவரப் பிடிச்சுக்கிட்டு சீட்ல உக்காருங்க. பெடல அடிமட்டத்துக்குக் கொண்டு வாங்க. குதிகால பெடல் மேல வைங்க. இப்ப கால் நேரா நீளணும். அப்படி நீண்டா, ஓட்டும்போது முன்பாதம் பெடல்ல இருக்கும், முழங்கால் லேசா மடங்கி இருக்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்ந்திருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் முழங்கால் அதிகமா மடங்கும், அதோட முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். சைக்கிள் ஓட்டினா முட்டி போயிடும்னு பயப்படறவங்க முதல்ல சீட்ட ஏத்திப் பாருங்க. நிக்கும்போது ரெண்டு காலும் தட்டையா தரைல படணும்னு நெனச்சுத்தான் எல்லாரும் இறக்கி வெக்கறாங்க. நிக்கும்போது சீட்ட விட்டு முன்னால இறங்கிக்கலாம், அது ஒரு பழக்கம்தான்.

கியர் இருந்தா லேசான கியர்ல வேகமா சுத்துங்க. நிமிஷத்துக்கு 70 சுத்துக்கு மேல வந்தா நல்லது. கனமான கியர்ல அழுத்தி மிதிக்கறது முட்டிக்கும் சுமை, சீக்கிரம் களைப்பும் வரும். மேடு வந்தா, ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே கியரக் குறைச்சுடுங்க. டயர் காத்து எவ்வளவுன்னு டயரோட பக்கவாட்டுலயே அச்சடிச்சிருக்கும், அதப் பாத்து வாரம் ஒரு தடவை அடிங்க. செயின துணியால நல்லாத் தொடச்சுட்டு எண்ணெய் விடுங்க, மேலாப்பல மிச்சம் இருக்கறதயும் தொடச்சுடுங்க. எண்ணெய் வழிஞ்சா தூசிதான் ஒட்டும். சுத்தமா எண்ணெய் போட்ட செயின், நீங்க குடுக்கற சக்தியில 95 சதவீதத்துக்கு மேல சக்கரத்துக்குக் கொண்டு போகும். கார் எஞ்சின் பெட்ரோலோட சக்தியில பெரும்பகுதிய சூடாவே வெளியே விட்டுடுது. போதாததுக்கு ஒரு டன்னுக்கு மேல இரும்பையும் சேத்து நகத்தணும், உள்ள உக்காந்திருக்கற ஒரே ஒரு ஆளுக்காக. இத நெனைக்கறப்பல்லாம் சைக்கிள் மேல எனக்கு மரியாதை கூடிட்டே போகுது.

சரி, இப்ப பாதைக்கு வருவோம். எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்.

நாம வருஷக்கணக்கா கார்ல போன அதே ரோட்டுலதான் சைக்கிள்லயும் போகப் பாப்போம். வேற வழி யோசிக்கவே தோணாது. கார் பாதை வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. சைக்கிளுக்கு அமைதியான பாதை வேணும். குடியிருப்புத் தெருக்கள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போற சந்து, பூங்கா ஓரம், கார் நுழைய முடியாத இடைவழி, இதெல்லாம் வரைபடத்துல தேடுங்க. ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்ல, 15 கிலோமீட்டர் வேகத்துல அது நாலே நிமிஷம். லீவு நாள்ல காலைல ஒரு தடவை சும்மா போய்ப் பாருங்க. எங்க பள்ளம், எந்தத் திருப்பத்துல பார்வை மறையுது, எங்க இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறது நல்லது, எல்லாம் தெரிஞ்சுடும். இறங்கித் தள்றதுல எந்தக் குறைச்சலும் இல்லீங்க. ஒரு மோசமான சந்திப்ப நடந்து கடந்துட்டா, மீதிப் பாதை முழுக்க நிம்மதி.

புகை பத்தியும் சொல்லிடறேன். அமைதியான தெருவுல புகை குறைவு, அதனால பாதை மாத்தினாலே சுவாசிக்கற காத்தும் மாறுது. கார் கண்ணாடிய ஏத்திட்டா பாதுகாப்புன்னு நெனைக்கறோம், ஆனா அந்தக் காருக்குள்ள வர்ற காத்து முன்னால நிக்கற வண்டியோட புகைக்குழாய் பக்கத்துல இருந்துதான் உள்ள வருது. சைக்கிள் ஓட்டறவங்க ஆழமா மூச்சு இழுக்கறாங்க, அதயும் மறைக்கக் கூடாது. இத 2016ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுப் பாத்தாங்க. உலகத்துல பெரும்பாலான நகரங்கள்ல, புகையால வர்ற கெடுதல விட சைக்கிள் ஓட்டறதால வர்ற நன்மைதான் அதிகம்னு முடிவு வந்துச்சு. காத்து ரொம்ப மோசமா இருக்கற நாள்ல வண்டிய எடுக்காதீங்க.

ரோட்டுல நான் எப்பவும் விடாம கடைப்பிடிக்கறது சிலது இருக்கு. நிறுத்தியிருக்கற கார் வரிசையப் பாத்தா கதவு திறக்கும்னே நெனச்சுக்கணும். முழுசாத் திறந்த கதவு எவ்வளவு தூரம் வரும்னு கண்ணால அளந்து, அதுக்கு வெளியதான் ஓட்டணும். ஓரமா ஒட்டிப் போறது பாதுகாப்பாத் தோணும், ஆனா அங்கதான் கதவும் பள்ளமும் மண்ணும் இருக்கு.

லாரி, பஸ் பக்கவாட்டுல மட்டும் நிக்கவே நிக்காதீங்க. சிக்னல்ல லாரி நிக்குதா, நீங்க பின்னால நில்லுங்க. ஓரத்துல இடம் இருக்குதேன்னு நுழையாதீங்க. டிரைவரோட முகம் அவரோட கண்ணாடில உங்களுக்குத் தெரியலன்னா, அவருக்கும் நீங்க தெரிய மாட்டீங்க. லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்துல வராது, உள்பக்கமா வெட்டி வரும். உயிர் போற இடம் அது. இத எத்தன தடவை சொன்னாலும் எனக்குப் போதாது.

இருட்டுல லைட்டு கண்டிப்பா வேணும். ஒளிர்ற பட்டை வாங்கினா கணுக்கால்லயும் கட்டுங்க. பெடல் மிதிக்கும்போது அது மேலயும் கீழயும் ஆடறதால, தூரத்துல வர்ற டிரைவருக்கு அங்க போறது ஒரு மனுஷன்னு சட்டுனு புரியும். மழைல ரோட்டுல அடிச்ச பெயிண்ட் கோடு, இரும்பு மூடி ரெண்டும் வழுக்கும், அது மேல திருப்பாதீங்க, பிரேக்கும் பிடிக்காதீங்க.

பயமா இருக்குன்னு சொல்றவங்ககிட்ட பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் நியாயமானது, ரோடு அப்படித்தான் இருக்கு. ஆனா ரோடு மாறும். நெதர்லாந்துல 1971ல மட்டும் சாலை விபத்துல 3,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அதுல 400 பேருக்கு மேல குழந்தைங்க. பெத்தவங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க. 1973ல பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்த எண்ணெய் நெருக்கடியும் சேந்துச்சு. அதுக்கப்புறம்தான் அங்க சைக்கிளுக்குன்னு தனிப்பாதைகள் பரவலா வந்துச்சு. சைக்கிள் நாடுன்னு இன்னிக்கு நாம சொல்ற அந்த நாடே கேட்டு வாங்கினதுதான் அது. இன்னொண்ணு, பீட்டர் ஜேக்கப்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2003ல பல ஊர்க் கணக்குகள எடுத்துப் பாத்தார். ஒரு இடத்துல சைக்கிள் ஓட்டறவங்க எண்ணிக்கை ரெண்டு மடங்கானா, ஒவ்வொருத்தருக்கும் இருக்கற ஆபத்து சுமார் மூணுல ஒரு பங்கு குறையுதுன்னு கண்டுபிடிச்சார். ஓட்டுனருங்க கண்ணு சைக்கிளுக்குப் பழகுது. அதனால நீங்க வண்டிய எடுக்கற ஒவ்வொரு நாளும், எனக்கும் ரோடு கொஞ்சம் நல்லதாகுது. இத உங்ககிட்ட கேட்டு வாங்கற உரிமைலதான் சொல்றேன்.

உடம்புக்கு என்ன கிடைக்கும்னு சுருக்கமாச் சொல்றேன். பெரியவங்களுக்கு வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போக இருபது, வர இருபது நிமிஷம், வாரத்துல நாலு நாள். 160 நிமிஷம் ஆயிடுச்சு, தனியா நேரம் ஒதுக்கவே இல்ல. பிரிட்டன்ல இரண்டரை லட்சத்துக்கும் மேலான ஆட்கள வெச்சு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் செஞ்ச ஆய்வு 2017ல வெளிவந்துச்சு. சைக்கிள்ல வேலைக்குப் போறவங்களுக்கு, அந்த ஆய்வுக் காலத்துல மரண ஆபத்து 41 சதவீதம் குறைவா இருந்துச்சு, கார்லயோ பஸ்லயோ ரயில்லயோ போறவங்களோட ஒப்பிட்டா. புகைப்பழக்கம், சாப்பாடு, எடை எல்லாத்தயும் கணக்குல எடுத்துக்கிட்டுத்தான் சொன்னாங்க. சைக்கிள் மட்டுமே காரணம்னு அந்த மாதிரி ஆய்வு நிரூபிக்காது, ஆனா லேசா ஒதுக்கித் தள்ளற எண்ணும் இல்ல அது.

எப்படி ஆரம்பிக்கறதுன்னா, கார வித்துட்டு வராதீங்க. வாரத்துல ரெண்டு நாள் போதும், அதுவும் அவசர மீட்டிங் இல்லாத நாள். தூரம் 10 கிலோமீட்டருக்கு மேலன்னா பாதி தூரம் ரயில்லயோ கார்லயோ வந்து, மீதிய மட்டும் சைக்கிள்ல போங்க, இல்ல மின்சார சைக்கிளப் பாருங்க. வண்டிய பூட்டும்போது ஃபிரேமயும் பின்சக்கரத்தயும் சேத்து அசையாத கம்பிலயோ தூண்லயோ பூட்டணும், சக்கரத்த மட்டும் பூட்டினா சக்கரம் மட்டும்தான் மிஞ்சும்.

பையில ஒரு டியூப், டயர சக்கரத்துல இருந்து நெம்பி எடுக்கற டயர் லீவர் ரெண்டு, சின்ன பம்ப் இருக்கட்டும். பஞ்சர் ஆனா பின்சக்கரத்த எப்படிக் கழட்டறது, டியூப எப்படி மாத்தறதுன்னு அடுத்த வீடியோல இதே வண்டியக் கவுத்துப் போட்டுச் செஞ்சு காட்றேன். அதுக்குள்ள உங்க சீட் உயரத்த மட்டும் இன்னிக்கே சரி பண்ணிடுங்க.