கீமோ நடக்கும்போது உடற்பயிற்சி செய்யலாமா?

அடுத்த கேள்வியை ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருக்கிறார்கள். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ. "கையை அசைக்கவே கூடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மாவும் அசதி என்று படுத்தே இருக்கிறார். பிசியோதெரபி தேவையா?" என்று கேட்கிறார்.

கண்டிப்பாகத் தேவை. கீமோ முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் கை. அக்குளில் அறுவை செய்த பிறகு வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொள்வார்கள். சில வாரங்களில் தோள் இறுகிவிடும். பின்னால் கதிர்வீச்சு தேவைப்பட்டால் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துத்தான் படுக்க வேண்டியிருக்கும். தோள் இறுகி கை அந்த அளவுக்கு உயரவில்லை என்றால் அந்தச் சிகிச்சையே தள்ளிப்போகலாம். சிலர் "அக்குளிலிருந்து முழங்கை வரை நரம்பு இழுக்கிறது" என்பார்கள். தோலுக்கு அடியில் கயிறு மாதிரி தடவினால் தெரியும். பெரும்பாலும் அது நரம்பு இல்லை, தடித்துப்போன நிணநீர்க் குழாய், அதாவது உடம்பின் திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் குழாய். மெதுவாக நீட்டி நீட்டிப் பழக்கினால் சரியாகிவிடும். அதற்காகக் கையை மடக்கியே வைத்திருந்தால்தான் சிக்கல்.

தையல் ஆறிவிட்டது என்று அறுவை செய்த மருத்துவர் சொன்னதும், சுவரில் விரல்களை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றச் சொல்லுங்கள். இழுப்பது தெரியலாம், சுள்ளென்ற வலி வரக் கூடாது.

அப்புறம், "எடை தூக்கினால் கை வீங்கிவிடும்" என்ற பயம். பல வருடங்கள் மருத்துவர்களே இப்படித்தான் சொன்னார்கள். 2009இல் அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் வாரம் இரண்டு முறை எடைப்பயிற்சி செய்தார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென வீக்கம் மோசமாவது அவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் வந்தது, பயிற்சி செய்யாதவர்களில் 29 சதவீதம். ஆனால் ஒன்று: மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கற்றுக்கொடுப்பவர் மேற்பார்வையில், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு செய்தார்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது வேறு விஷயம். அதை இப்போது செய்ய வேண்டாம்.

சரி, அசதி. கீமோவில் வரும் அசதி தூங்கினால் தீர்கிற அசதி இல்லை. படுக்கப் படுக்கத் தசை கரையும், தசை கரைந்தால் குளியலறை வரை நடப்பதே பாரமாகிவிடும். அதனால்தான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2022இல், குணமாக்கும் நோக்கில் சிகிச்சை நடக்கும்போதே நடை மாதிரியான பயிற்சியும் தசைப்பயிற்சியும் செய்யச் சொல்லுங்கள் என்று பரிந்துரைத்தது. அம்மா பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். முடிந்தால் மாலையில் இன்னொரு பத்து நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது தொடைக்கு நல்ல பயிற்சி. கீமோ போட்ட முதல் சில நாட்கள் முடியவில்லையா, குறைத்துக்கொள்ளட்டும், அதில் தவறே இல்லை. பாதம் மரத்துப்போனால் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்? காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சி கிடையாது, உடனே மருத்துவமனை. நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத்திணறல், புதிதாக முதுகுவலியோடு கால் பலவீனம் வந்தாலும் அப்படித்தான். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களோ (ரத்தம் உறைய உதவுபவை, பிளேட்லெட்) ஹீமோகுளோபினோ மிகவும் குறைந்திருந்தால், எவ்வளவு செய்யலாம் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சகோதரி, அடுத்த கீமோவுக்குப் போகும்போது எலும்பிலோ இதயத்திலோ ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியே பிசியோதெரபிஸ்டிடமும் காட்டி, இரண்டு கைகளின் சுற்றளவையும் டேப்பால் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். வளையல் இறுகுகிறது, ரவிக்கைக் கை பிடிக்கிறது என்று அம்மா பிறகு சொன்னால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த அளவு வேண்டும்.