திருகு அளவி பழகிய கையில் வினாத்தாள்

அறிவியல் படிக்கும் நண்பர்களே, ஒரு கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் (மெல்லிய பொருள்களின் தடிமனை அளக்கும் கருவி) அளக்கிறீர்கள். பத்து முறை அளந்து சராசரி எடுக்கிறீர்கள், சுழிப்பிழையை, அதாவது எதையும் அளக்காதபோதே கருவி சுழியைக் காட்டாத பிழையை, திருத்துகிறீர்கள். அளப்பவர் பேராசிரியரா, முதலாண்டு மாணவரா என்பது கம்பிக்குத் தெரியாது. சமூகவியல் ஆய்வுக்கான வினாத்தாளோடு மனிதரிடம் போனால் நிலைமை வேறு. நீங்கள் அவரை அளக்கும்போது அவரும் உங்களை அளக்கிறார். இவர்கள் ஏன் கேட்கிறார்கள், எப்படிச் சொன்னால் கௌரவமாக இருக்கும், இதனால் நமக்கு ஏதாவது வம்பு வருமா என்று யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்.

1934-ல் ரிச்சர்டு லாபியர் என்ற சமூகவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். சீன இனவெறுப்பு வெளிப்படையாகவே இருந்த காலத்தில், ஒரு சீனத் தம்பதியோடு அவர் அமெரிக்காவில் பயணம் செய்தார். தங்குமிடங்களும் உணவகங்களுமாக 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுப்பு. பிறகு அதே இடங்களுக்கு, "சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?" என்று கடிதம் எழுதினார். பதில் தந்த 128 இடங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் "ஏற்க மாட்டோம்" என்றன.

உடனே "மக்கள் பொய் சொல்கிறார்கள்" என்று எழுதிவிடத் தோன்றும். அது அவசர முடிவு. கடிதம் கேட்டது முகமில்லாத ஓர் இனத்தைப் பற்றி. வாசலில் நின்றவர்களோ நன்றாக உடுத்தி, சிரித்த முகத்தோடு, ஒரு வெள்ளையரின் துணையோடு வந்த இருவர். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்பதற்கும் உறுதி இல்லை. மனப்பாங்கு ஒரு மாறி (அளக்கப்படும் பண்பு), நடத்தை வேறொரு மாறி. எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நடத்தைதான் வேண்டுமென்றால் "நீங்கள் வழக்கமாக நூலகம் போவீர்களா?" என்று கேட்காதீர்கள். "கடந்த 7 நாட்களில் எத்தனை நாள் போனீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு, தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பதுதான் பதிலாக வரும்.

சொல்லை மாற்றினால் அளவும் மாறும். 1941-ல் ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப்பேச்சுகளைப் பற்றி அமெரிக்காவில் இரு விதமாகக் கேட்டார்கள். "அனுமதிக்க வேண்டுமா?" என்றபோது 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். "தடை செய்ய வேண்டுமா?" என்றபோது ஆம் என்றவர்கள் 46 விழுக்காடுதான். தர்க்கத்தில் இரண்டும் ஒன்று, காதுக்கு ஒன்றல்ல. "ஆய்வகமும் நூலகமும் போதுமான அளவில் உள்ளனவா?" போன்ற இரட்டைக் கேள்வி இன்னும் மோசம். ஆய்வகம் நன்று, நூலகம் மோசம் என்பவர் எதில் குறியிடுவார்? இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. களத்துக்குப் போகுமுன் 10, 15 பேரிடம் வினாத்தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தில் திருத்துங்கள். இந்தப் பதில்களை இறுதித் தரவில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது மாதிரி, அதாவது கேட்பதற்காக நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்கள். இங்கே உங்கள் பயிற்சி கை கொடுக்கும், அதை மறக்காமல் இருந்தால். எண்ணிக்கை கூடினால் ஒழுங்கற்ற பிழை குறையும். எப்போதும் ஒரே பக்கம் சாயும் முறையான பிழை குறையாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் 57 விழுக்காடு பெற்று வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு வாங்கினார். முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியல், கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி ஆட்களல்ல என்பது இரண்டாவது கோளாறு. சுழிப்பிழை உள்ள அளவியால் 20 லட்சம் முறை அளந்த கதை இது. இணையப் படிவத்தை நண்பர்களுக்கு அனுப்பி, "500 பேர் பதில் தந்தார்கள்" என்று மகிழ்பவர்கள் செய்வதும் இதையேதான்.

சமவாய்ப்பு முறையில் எடுத்தாலும் ஒரு கணக்கு உண்டு. 1000 பேரைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால், 95 விழுக்காடு நம்பிக்கை மட்டத்தில் பிழை எல்லை (உண்மை அளவிலிருந்து உங்கள் விழுக்காடு விலகக்கூடிய தூரம்) சுமார் ±3.1 புள்ளி. அலைச்சலைக் குறைக்க 50 வகுப்புகளைத் தேர்ந்து, வகுப்புக்கு 20 பேரைக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஓரளவு ஒத்த கருத்துடையவர்கள். வகுப்புக்குள் ஒட்டுறவு (ஒத்துப்போகும் அளவு) 0.05 என்றால் மாறுபாடு (முடிவு சிதறும் அளவு) 1 + 19 × 0.05, அதாவது 1.95 மடங்காகிறது. உங்கள் 1000 பேர் 513 பேருக்குச் சமம். பிழை எல்லை ±4.3.

சமூகவியல் சிந்தனை என்று தனியாக ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். ஒரு மூலக்கூறுக்கு வெப்பநிலை இல்லை, வாயுவுக்கு உண்டு. அதுபோல, வேலையின்மை விகிதம் எந்தத் தனிமனிதரிடமும் இல்லை; விகிதம் ஏறும்போது ஆளுக்கு ஆள் சோம்பேறித்தனத்தைத் தேடிப் பயனில்லை. ஆனால் குழுவின் எண்ணை வைத்து ஆளைக் கணிப்பது அதைவிடப் பெரிய பொறி. 1930 அமெரிக்கக் கணக்கெடுப்பை எடுத்து, வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் எழுத்தறிவுக்கும் உள்ள தொடர்பை 1950-ல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். மாநிலங்களை ஒப்பிட்டால் ஒட்டுறவு +0.53. தனிமனிதர்களை ஒப்பிட்டால் −0.12. குறியே மாறிவிட்டது! குடியேறியவர்கள் எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் போய்த் தங்கியிருந்தார்கள், காரணம் அவ்வளவுதான். மாவட்ட வாரித் தரவை வைத்து "இப்படிப்பட்டவர்கள் இப்படிச் செய்கிறார்கள்" என்று எழுதும் கட்டுரைகளில் பாதியை, "தனிமனிதர்களை ஒப்பிட்டாலும் இது நிற்குமா?" என்ற ஒரே கேள்வியால் கவிழ்க்கலாம்.

பதில் தருபவரின் ஒப்புதல் வாங்காமல் எதையும் தொடங்காதீர்கள். பெயரும் பதிலும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது.

கடைசியாக, நேர்காணல். எண் இல்லாததால் கண்டிப்பும் இல்லை என்று நினைப்பது அறிவியல் மாணவர்களின் வழக்கமான தவறு. எழுத்தாக்கிய பேச்சை இருவர் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொரு பகுதியும் எதைப் பற்றியது என்று குறியீடு இட வேண்டும். 100 பகுதிகளில் 85-ல் இருவரும் ஒத்துப்போனால் அருமை என்று தோன்றும். ஆனால் இருவருமே 80 பகுதிகளுக்கு "அச்சம் உண்டு" என்று குறியிட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 68 பகுதிகள் ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்த ஒத்துப்போதலின் அளவான கோஹன் காப்பா (முழு ஒப்புதலுக்கு 1) 0.53 மட்டுமே. அப்போது 85 ஒத்துப்போனதே போதும் என்று முடிக்காதீர்கள். ஒத்துப்போகாத 15 பகுதிகளையும் எதிரெதிரே வைத்துப் பேசி, "அச்சம்" என்றால் எது, எது இல்லை என்று வரையறையைத் திருத்தி எழுதுங்கள். பிறகு இதுவரை தொடாத பகுதிகளில் மறுபடி தனித்தனியாகக் குறியிடுங்கள். மூன்றாம் சுற்றிலும் எண் உயரவில்லை என்றால் குறியீட்டாளர்களைக் குறை சொல்லாமல் அந்தக் குறியீட்டை நீக்கிவிடுங்கள்.