போட்டோடையோடு தரும் 50 நானோ ஆம்பியரை அர்டுயினோ எப்படிப் படிக்கும்?

[திரையில்: கலங்கல் தண்ணீர் நிரம்பிய குப்பி, ஒரு பக்கம் எல்.இ.டி, அதற்குச் செங்கோணத்தில் போட்டோடையோடு]

வணக்கம். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளக்க இந்தக் கருவியைச் செய்துகொண்டிருக்கிறேன். தூசியில் பட்டுச் சிதறும் வெளிச்சம் மட்டும்தான் பக்கவாட்டில் வரும். அந்த வெளிச்சத்தை மின்னோட்டமாக மாற்றும் போட்டோடையோடு, பி.பி.டபிள்யூ 34. அதில் கிடைத்தது வெறும் 50 நானோ ஆம்பியர்.

அளவைப் படிக்கப்போவது அர்டுயினோ உனோ என்ற சின்னக் கணினிப் பலகை. வோல்டேஜை எண்ணாக மாற்றும் அதன் ஏ.டி.சி 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். நம் மின்னோட்டத்தை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரில் விட்டால் வருவது அரை மில்லிவோல்ட். ஒரு படிகூட ஏறாது.

சரி, 10 மெகா ஓம் போட்டால் அரை வோல்ட் வந்துவிடுமே? கணக்கு ஒத்துக்கொள்ளும், டையோடு ஒத்துக்கொள்ளாது. தன் மேல் வோல்டேஜ் ஏற ஏற, உண்டான மின்னோட்டத்தைத் தனக்குள்ளேயே திருப்பி விட்டுவிடும். 1000 லக்ஸ் வெளிச்சத்தில் ரெசிஸ்டரே இல்லாமல் அளந்தாலும் இது தருவது 0.35 வோல்ட் அளவுதான். போதாததற்கு, தனக்கு முன்னால் 10 கிலோ ஓமுக்கு மேல் மின்தடை இருந்தால் ஏ.டி.சி சரியாகப் படிக்காது.

[திரையில்: ஆப்-ஆம்ப் சர்க்யூட்]

அதனால் டையோடிடம் வோல்டேஜ் கேட்கக் கூடாது. டையோடின் ஒரு முனையான கத்தோடு, ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐ.சி-யின் மைனஸ் உள்ளீட்டுக்கு. மறுமுனையான ஆனோடும் பிளஸ் உள்ளீடும் கிரவுண்டுக்கு. வெளியீட்டிலிருந்து மைனஸுக்கு 10 மெகா ஓம். இரண்டு உள்ளீடுகளும் சமமாக இருக்க ஆப்-ஆம்ப் எதையும் செய்யும். டையோடு இழுக்கும் 50 நானோ ஆம்பியர் அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதற்கு வெளியீடு அரை வோல்ட் உயர்கிறது. நூறு படி! டையோடின் மேல் வோல்டேஜோ ஏறவே இல்லை. டிரான்ஸ்-இம்பீடன்ஸ் ஆம்ப்ளிஃபையர் என்பார்கள். பெயர்தான் மிரட்டும்.

டையோடைத் திருப்பிப் போட்டால் வெளியீடு பூஜ்யத்துக்குக் கீழே போகப் பார்க்கும். நெகட்டிவ் சப்ளை இல்லாததால் அங்கேயே படுத்துவிடும். ஐ.சி போய்விட்டது என்று நினைத்து ஒரு மாலை முழுக்க வீணடித்திருக்கிறேன்.

ஐ.சி என்றதும் கை எல்.எம் 358 என்ற ஆப்-ஆம்புக்குப் போகும். வேண்டாம். அதன் உள்ளீட்டிலேயே சுமார் 20 நானோ ஆம்பியர் ஓடும். நாம் அளப்பதே ஐம்பது! எம்.சி.பி 6002 என்ற ஆப்-ஆம்பில் அது 1 பைக்கோ ஆம்பியர் அளவுதான். 5 வோல்ட்டிலும் ஓடும்.

ரெசிஸ்டருக்கு இணையாக 10 பைக்கோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று கட்டாயம். டையோடுக்கே 70 பைக்கோ ஃபாரட் இருக்கிறது. இதை விட்டால் சர்க்யூட் ஊசலாடத் தொடங்கிவிடும்.

[திரையில்: பிரெட்போர்டை நெருங்கும் விரல், துள்ளும் அளவுகள்]

பார்த்தீர்களா? தொடவே இல்லை. மைனஸ் முனை அவ்வளவு நுட்பமானது. வயரைக் குட்டையாக வையுங்கள், சால்டர் செய்தால் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸ் பசையைத் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் டியூப்லைட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மினுக்கும். அதனால் 20 மில்லி நொடிக்குத் தொடர்ந்து படித்துச் சராசரி எடுக்கிறேன்: எல்.இ.டி எரியும்போது ஒன்று, அணைத்துவிட்டு ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அறை வெளிச்சம் போய், தண்ணீரின் கலங்கல் மட்டும் மிஞ்சும்.