மேடையும் நிவாரணம்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நாஜி ஜெர்மனி நடத்திய இனப்படுகொலையில் பிழைத்த யூதர்களை மறுபடி எழுந்து நிற்க வைத்தது நிவாரணப் பொருளா, நாடக மேடையா? இதுதான் தலைப்பு. மேடையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 'பசி வந்தால் பத்தும் பறந்துபோகும்' என்றார். ஜெர்மனியிலிருந்த பெர்கன்-பெல்சன் வதைமுகாமின் கணக்கையும் எடுத்து வைத்தார். 1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை உள்ளே நுழைந்தபோது அங்கே சுமார் 60,000 பேர் இருந்தார்கள். விடுதலைக்குப் பிறகும் 13,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றைக்கு வேண்டியது கஞ்சியும் மருந்தும்தான், ஒத்துக்கொள்கிறேன். சாகக் கிடப்பவரிடம் போய் நாடகம் பார் என்று சொல்லும் கல்நெஞ்சம் எங்கள் அணியில் யாருக்கும் இல்லை.

ஆனால் ஏப்ரலோடு கதை முடியவில்லையே ஐயா! அதே ஆண்டு செப்டம்பரில், அதே பெல்சனில், அகதிகள் முகாமாக மாறிய படைக்குடியிருப்பில் சாமி ஃபேடர் என்பவரின் குழு கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் நாடகம் போட்டது. நடித்தவர்களும் பிழைத்தவர்கள், எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் பிழைத்தவர்கள். கையில் நாடகப் பிரதி கிடையாது. போருக்கு முன் தெரிந்த நாடகங்களை நினைவிலிருந்து தோண்டி எழுதினார்கள். யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற நகர்ப்பகுதிகளிலும் வதைமுகாமிலும் பாடப்பட்ட பாட்டுகளை ஒவ்வொருவரிடமாகக் கேட்டுச் சேகரித்தார்கள். முகாமில் பட்ட துன்பத்தையே மேடையில் நடித்தும் காட்டினார்கள். அரங்கு அழுதது. அதுவரை செத்தவர்களுக்காக வாய்விட்டு அழக்கூட அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. அந்த இடத்தை எந்த நிவாரணப் பொட்டலத்தில் வைத்துக் கொடுப்பீர்கள்?

அப்புறம், எபிரேய நாடகம் என்றாலே நினைவுக்கு வருவது 'திப்புக்'. அதை எழுதிய அன்ஸ்கி, முதல் உலகப்போரில் கிழக்கு ஐரோப்பாவின் கலீசியா பகுதியில் தவித்த யூதர்களுக்கு நிவாரணம் கொண்டுபோனவர். எதிரணியும் எங்கள் அணியும் ஒரே மனிதருக்குள் இருந்திருக்கின்றன, பாருங்கள். கவிஞர் பியாலிக் அதை எபிரேயத்தில் பெயர்த்தார். 1922இல் மாஸ்கோவில் ஹபிமா என்ற எபிரேய நாடகக் குழு மேடையேற்றியது. 1948இல் அதே குழு நியூயார்க் போனபோதும் இந்த நாடகத்தைக் கொண்டுபோனது. நாடகத்தில் வருவது போன்ற கிழக்கு ஐரோப்பிய யூதச் சிற்றூர்கள் அதற்குள் அழிந்துவிட்டிருந்தன. அந்த ஊர்களின் தொழுகைக்கூடமும் கல்யாண வீடும் மேடையில்தான் மிச்சமிருந்தன.

'சரி, கண்ணீர் வந்தது, காசு வந்ததா?' என்று கேட்டார் எதிரணி நண்பர். வந்தது ஐயா! 1946 செப்டம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க எழுத்தாளர் பென் ஹெக்ட் எழுதிய ஆங்கில நாடகம் ஒன்று அரங்கேறியது. பால் முனி, சீலியா ஆட்லர், அன்று 22 வயதே ஆன மார்லன் பிராண்டோ எல்லாரும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு நடித்தார்கள். பிழைத்து வந்த இளைஞனாக வந்த பிராண்டோ, கொலை நடந்தபோது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று அரங்கிலிருந்த யூதர்களைப் பார்த்தே கேட்டார். திரண்ட பணத்தில் ஒரு கப்பல் வாங்கினார்கள். 1947 மார்ச்சில் அது பிரான்சிலிருந்து சுமார் 600 பேரை ஏற்றிக்கொண்டு, அன்று பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனம் நோக்கிப் புறப்பட்டது.

பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்து அவர்களை சைப்ரஸ் முகாமில் அடைத்தது. கப்பல் போய்ச் சேரவில்லையே என்று கேட்பீர்கள். அதற்குக் கடற்படையிடம் கணக்குக் கேளுங்கள், நாடகத்திடம் கேட்காதீர்கள்!

அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ரொட்டி போதும் என்றால், ரொட்டிக்கு வரிசையில் நின்ற அதே மக்கள் ஐந்தே மாதத்தில் ஏன் மேடை கட்டினார்கள்?